அப்புத்தளைச் சரிவில் நாய்வேலிக்கு வயர்

கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து இலங்கை மலைநாட்டு அப்புத்தளைக்கு வந்தேன். இங்கே எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. மேலே தேயிலை, கீழே பதுளைக்குப் போகும் ரயில் பாதை, பக்கவாட்டில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்கள் போட்டிருக்கும் லீக்ஸ், போஞ்சிப் பாத்திகள். கொழுந்துச் சம்பளத்தில் தட்டுகிற வீட்டுச் செலவை அந்தப் பாத்திகள்தான் சரிக்கட்டுகின்றன. வந்த நாளிலிருந்து என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டுச் சோறு போட்டவர்களின் பயிரை என் நாய் மிதிக்க விடலாமா? கல்லுச் சரிவில் கம்பம் நட்டுக் கம்பிவேலி இழுக்கவும் வழியில்லை. அதனால்தான் மண்ணுக்கடி வயர் வேலி.

சுவரில் மாட்டும் பெட்டியிலிருந்து கிளம்பும் வயர், காணியைச் சுற்றி மறுபடி அதே பெட்டிக்கு வந்து சேர வேண்டும். அதில் ஓடுவது வெறும் ரேடியோ சிக்னல்; வயரைத் தொட்டால் யாருக்கும் ஷாக் அடிக்காது. நாய் கிட்டே வந்தால் கழுத்துப்பட்டை முதலில் பீப் அடிக்கும், அதையும் மீறினால்தான் சுருக்கென்று ஒரு ஷாக் கொடுக்கும். பீப் கேட்டதும் திரும்பிவர, எல்லை நெடுக அடையாளக் கொடிகளை நட்டு, வாரில் பிடித்துப் பொறுமையாகப் பழக்க வேண்டும்.

பெட்டியோடு பெரும்பாலும் 20 கேஜ் வயர்தான் வரும். செம்பின் விட்டம் 0.81 மில்லிமீட்டர். எண் குறையக் குறைய வயர் தடிக்கும்: 16 கேஜ் என்றால் 1.29 மில்லிமீட்டர். சிக்னலுக்கு மெல்லியதே போதும். ஆனால் கல்லும் மம்பட்டியும் படுகிற மண்ணில் அது நாள்பட நிற்காது. ஹாட்வெயார் கடையில் வீட்டு லைட்டுக்குப் போடும் 1/1.13 வயரை எடுத்துக் காட்டினார்கள். ஒற்றை இழைச் செம்பு, 1.13 மில்லிமீட்டர் தடிமனும் சரிதான், மேலுறைதான் பிவிசி. குழாய்க்குள் ஓடத்தான் அது லாயக்கு. வருஷம் பூராவும் ஈரம் குடிக்கிற இந்த மண்ணில் நேரடியாகப் புதைக்கப் பாலித்தீன் உறைதான் வேண்டும். செம்பு எவ்வளவு தடிப்பு என்று பார்ப்பதற்கு முன்னால் மேலுறை என்ன என்று கேளுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். அப்படிப் பார்த்துத்தான் 16 கேஜ், ஒற்றை இழை, பாலித்தீன் உறை என்று வரவழைத்தோம்.

வயர் போகும் வழியைப் பக்கத்து லயத்து அண்ணன்தான் கூடவே நடந்து காட்டினார். "இந்தச் சந்துலதான் தங்கச்சி பன்னி எறங்கும், கெழங்குக்குக் கிளறிப்புடும். வயர மேல தள்ளிப் போடுங்க" என்றார். மழைத்தண்ணி அறுத்துக்கொண்டு ஓடும் இடத்தையும் அவரே அலவாங்கால் கோடு கிழித்து அடையாளம் வைத்தார். அங்கே மட்டும் வயரைக் குழாய்க்குள் விட்டோம். மற்ற இடமெல்லாம் இரண்டங்குல ஆழம். கரண்ட் வயருக்குப் பக்கத்திலேயே கூடவே ஓட்டக் கூடாது. குறுக்கே போக வேண்டியிருந்தால் நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். பெட்டியிலிருந்து எல்லை வரைக்கும் இரண்டு முனைகளையும் நெருக்கமாக முறுக்கிக் கொண்டுபோனால், எதிரெதிராக ஓடும் சிக்னல் ஒன்றையொன்று அழித்துவிடும். அதன்மேல் நாய் தாராளமாக நடக்கலாம்.

ஒட்டுப் போட்ட இடத்தில் கறுப்பு டேப் மட்டும் சுற்றினால் தண்ணி இறங்கிச் செம்பு பச்சை பூத்துவிடும். ஜெல் நிரப்பிய மூடிதான் போட வேண்டும். ஏப்ரலிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மத்தியானத்துக்கு மேல் இடி விழும் ஊர் இது. வானம் கறுக்கிறதென்றால் பிளக்கைக் கழற்றுவதோடு நிறுத்தாதீர்கள். பெட்டியிலிருந்து வயரையும் கழற்றிவிடுங்கள், மண்ணுக்குள் கிடக்கிற அந்த நீள வயர் வழியாகவும் மின்னல் உள்ளே வரும்.

தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம் உண்டு, நாய்களையும் தூக்கும். வெளியிலிருந்து வருவதை இந்த வேலி தடுக்காது. பொழுது சாய்ந்ததும் நாயை வீட்டுக்குள் கொண்டுவந்து பட்டையைக் கழற்றிவிடுவோம். நாள் முழுக்கப் பட்டையைக் கட்டியே வைத்தால் கழுத்து புண்ணாகும்.

மிஞ்சிய வயரைச் சுருட்டி எடுத்து வைத்திருக்கிறேன். பன்றி எங்காவது கிளறி அறுத்தால் அதே கேஜில்தான் ஒட்டுப் போட வேண்டும்.