‘கட்டட வேலை’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்

நான் 19 வருடம் கட்டட வேலையில் இருந்தவன். அதில் 11 வருடம் கட்டிங் மெஷின் என் கையில்தான். எனக்கு வந்திருப்பது சிலிகோசிஸ், அதாவது கல் தூசியால் நுரையீரல் தழும்பாகி இறுகிப்போகிற நோய் என்று தெரிய ஒன்றரை வருடம் ஆனது. இதே வேலையில் இருக்கிற வேறு யாருக்கும் அவ்வளவு நாள் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் மாடிப்படியில்தான் தெரிந்தது. டைல்ஸ் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் மூன்று மாடி ஏறுகிறவன், வெறுங்கையோடு இரண்டாவது மாடியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயதாகிறது என்று நினைத்தேன். கூடவே வறட்டு இருமல். தூசியில் நிற்கிறவனுக்கு இருமல் வராமல் இருக்குமா என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். காலையில் காறித் துப்பினால் சாம்பல் நிறத்தில் வருவதும் எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

முதலில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இரண்டு நுரையீரலிலும் மேல்பக்கம் புள்ளி புள்ளியாக இருந்தது. காசநோயாக இருக்கலாம் என்றார். சளியைச் சோதித்ததில் கிருமி இல்லை. ஆனாலும் எக்ஸ்ரேயை வைத்து மாத்திரை ஆரம்பித்தார்கள். 6 மாதம் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டு முடித்தேன். மூச்சு வாங்குவது குறையவே இல்லை. “என்ன வேலை?” என்று அவரும் கேட்கத்தான் செய்தார். “கட்டட வேலை” என்றேன். சீட்டில் ‘கூலி’ என்று எழுதிக்கொண்டார். பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

அப்புறம் பார்த்தவர் நுரையீரல் நோய்க்கென்றே படித்த டாக்டர். நான் அதே பதிலைச் சொன்னதும் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “கட்டட வேலை என்றால் அதில் எது? கலவை போடுவீர்களா, பூசுவீர்களா, கல் அறுப்பீர்களா?” அறுப்பேன் என்றேன். “தண்ணீர் விட்டா, விடாமலா? வெளியிலா, அறைக்குள்ளா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?” இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை என்பதால் உடனே பதில் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வருடவாரியாக எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

எழுத ஒரு வாரம் ஆனது. வருடம் நினைவில் இல்லாத இடத்தில், பெரியவன் பிறந்தபோது எந்தக் கட்டடத்தில் இருந்தேன், சின்னவள் பிறந்தபோது எதில் இருந்தேன் என்று கணக்குப் போட்டேன். என்ன பொருள், என்ன மெஷின், முகத்தில் என்ன கட்டியிருந்தேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். முதல் 8 வருடம் சிமெண்ட் மூட்டை தூக்கியது, கலவை போட்டது. பிறகு வயர் குழாய்க்காகச் சுவரில் காடி வெட்டியது, கான்கிரீட்டைத் தேய்த்தது, கிரானைட் அறுத்தது. கடைசி 4 வருடம் சமையல் மேடைக்குச் செயற்கைக் குவார்ட்ஸ் பலகை அறுத்தது. பூச்சு முடிந்த வீட்டுக்குள் தண்ணீர் விட்டால் சுவர் கறைபடும் என்பார்கள். தூசி வெளியே போகக் கூடாது என்று கதவையும் சாத்திவிடுவோம்.

டாக்டர் அந்தக் கடைசி 4 வருடத்தில்தான் விரலை வைத்தார். இந்த நோயைத் தருவது கல்லிலும் மணலிலும் இருக்கிற சிலிகா என்ற பொருள். மார்பிளில் அது மிகக் குறைவு, கிரானைட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, செயற்கைக் குவார்ட்ஸில் 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கும் என்றார். இந்தச் செயற்கைக் கல்லால் தொழிலாளர்களுக்கு நோய் வந்ததால்தான் ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் அதைத் தடை செய்திருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரிகிற தூசிக்குத்தான் நாங்கள் பயந்தோம். அதில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடுமாம். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்தான் அடி நுரையீரல் வரை போகிறது. அதை விழுங்கித் தீர்க்க வருகிற செல்களால் தீர்க்க முடிவதில்லை. அவையே செத்து, அந்த இடம் தழும்பாக இறுகிப்போகிறது. நான் 11 வருடம் முகத்தில் கட்டிய துணி இந்தத் துகளைத் தடுக்கவில்லை.

பிறகு ஊதும் பரிசோதனை. சுலபமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை உதடு இறுகக் கவ்வி, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே வேகத்தில் ஊத வேண்டும். காற்று தீர்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் “இன்னும், இன்னும்” என்பார்கள். 6 விநாடி போல ஊத வேண்டியிருந்தது. சரியாக வந்தது மூன்று வேண்டும் என்று எனக்கு ஐந்து தடவை வைத்தார்கள். தலை சுற்றியது. உட்கார்ந்துகொண்டே செய்யுங்கள், அவசரப்படாதீர்கள். என் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில் 68 சதவீதம்தான் வந்தது. ஆனால் ஆரம்பத்தில் இந்தச் சோதனை சரியாகவே வந்தாலும் எக்ஸ்ரேயில் நோய் தெரியலாம் என்றும் டாக்டர் சொன்னார். அதனால் ஊதிப் பார்த்ததை மட்டும் வைத்து நிம்மதியாகிவிட முடியாது.

சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சளியையும் மறுபடி சோதித்தார்கள், ஏனென்றால் சிலிகோசிஸ் இருப்பவர்களுக்குக் காசநோய் வருகிற வாய்ப்பு அதிகம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். கிருமி இல்லை. என் எக்ஸ்ரேயை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாதிரிப் படங்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, புள்ளிகள் எவ்வளவு அடர்த்தி என்பதற்கு ‘2/1’ என்று குறித்தார்கள். நுரையீரலில் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று பயந்துகொண்டே கேட்டேன். “வேண்டாம். எக்ஸ்ரேயும் நீங்கள் எழுதிய இந்த இரண்டு தாளும் போதும்” என்றார்.

குணப்படுத்த மருந்து இல்லை என்றும் அன்றே சொல்லிவிட்டார். இனி தூசியில் நிற்கக் கூடாது, தூசியை விட்டு விலகினாலும் நோய் மெல்ல வளரலாம். அறுப்பதை விட்டுவிட்டேன். அளவெடுப்பது, குறிபோடுவது மட்டும். அதுவும் அறுக்கிற இடத்துக்கு வெளியே. நிமோனியா தடுப்பூசியும் வருடாவருடம் ஃப்ளூ ஊசியும் போடுகிறேன். இழப்பீட்டுக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். தினக்கூலிக்காரனிடம் என்ன ஆதாரம் இருக்கும்? கூட வேலை பார்த்தவர்களின் கையெழுத்து, போனில் கிடந்த பழைய புகைப்படங்கள், அந்த இரண்டு தாள். பதில் இன்னும் வரவில்லை.

எங்கள் குழுவில் இப்போது மெஷினில் தண்ணீர்க் குழாய் இல்லாமல் அறுப்பதில்லை. சுவர் கறைபட்டால் மறுபடி பூசிக் கொடுக்கிறோம்.

அந்தத் தாள்களைத் திரும்பப் படித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. நான் அறுத்து முடித்ததும் அந்தத் தூசியைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கி அள்ளியது ஒரே அக்காதான். 9 வருடமாக, அதே சாத்திய அறையில். வாருங்கள், எக்ஸ்ரே எடுப்போம் என்று கூப்பிட்டேன். “நான் என்ன கல்லா அறுக்கிறேன் தம்பி? பெருக்கத்தானே செய்கிறேன்” என்றார். இரண்டு மாதம் கெஞ்சி ஒருவழியாக ஒத்துக்கொண்டார். வரும் வியாழக்கிழமை போகிறோம். நேற்று இரவு அவர் சொல்லச் சொல்ல அவருடைய தாளை நான்தான் எழுதினேன்.