கணக்கில்லாமல் யூரியூப்: மாங்குளத்தில் செய்து பார்த்தது

யூரியூப், ருவிட்டர் (இப்போது எக்ஸ்), ரெடிட் மூன்றையும் கணக்குத் திறக்காமலே பார்க்க மாற்று முகப்புகள் இருக்கின்றன. நமக்குப் பதிலாக வேறொரு சேவர் (இணையத்தில் எப்போதும் ஓடும் கணினி) அந்தத் தளத்துக்குப் போய், பதிவை மட்டும் எடுத்து வந்து தரும். யூரியூப்புக்கு இன்விடியஸ், ருவிட்டருக்கு நிட்டர், ரெடிட்டுக்கு ரெட்லிப். எல்லாமே திறந்த மூல மென்பொருள்கள், அதாவது நிரலை எவரும் பார்க்கலாம், எடுத்து ஓடவிடலாம். பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் கைக்காசு போட்டு நடத்துகிறார்கள். சில மாதங்களாக வீட்டில் இவற்றைத்தான் பாவித்துப் பார்க்கிறோம்.

எங்கள் வீட்டில் ஒரு போன் எல்லோர் கைக்கும் போகும். அப்பா வயலில் நெல்லுக்குக் கபிலத் தத்திப் பூச்சி விழுந்தால் என்ன அடிப்பது என்று தேடுவார். மருமகள் உயர்தரப் பௌதிகவியல் பாடம் பார்ப்பாள். நான் பார்ப்பவற்றில் நினைவேந்தல் நிகழ்வுகளும் இருக்கும். வன்னியில் இருப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை: நான் எதற்காக அழுகிறேன் என்பது என் பெயரோடு எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் கிடக்க வேண்டாம்.

முதலில் இன்விடியஸ். பக்கம் சட்டென்று திறக்கும், விளம்பரம் கிடையாது. ஆனால் அமைப்புகளுக்குள் ஒரு விசயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வீடியோவையும் தன் சேவர் வழியாகவே அனுப்பும்படி சொல்ல அங்கே ஒரு தெரிவு இருக்கிறது. அதில் சரி போடாவிட்டால் பக்கம் மட்டும்தான் இன்விடியஸில் இருந்து வரும். வீடியோ நேரே கூகுளின் சேவரில் இருந்து இறங்கும், நம்முடைய ஐபி முகவரியும் (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) அங்கே போய்ச் சேரும்.

சரி போட்டால் இன்னொரு சிக்கல். இங்கே பலரும் போடுவது யூரியூப்புக்கென்று தனியாக விற்கும் மலிவான டேட்டா பக்கேஜ். வீடியோ வேறு சேவரில் இருந்து வந்தால் அதை யூரியூப் என்று சிம் கம்பனி கணக்கெடுக்காது, சாதாரண டேட்டாவில்தான் வெட்டும். மாதக் கடைசியில் இது கையைக் கடித்தது. போதாததற்கு எல்லோருக்கும் திறந்துவிட்ட இன்விடியஸ் தளங்கள் அடிக்கடி படுத்துவிடுகின்றன. 2023 ஜூனில் இன்விடியஸை நிறுத்தச் சொல்லி யூரியூப் கடிதம் அனுப்பியது. அதன் பிறகு இந்தச் சேவர்களின் முகவரிகளையே தடுக்கத் தொடங்கிவிட்டது. இன்று ஓடுகிற தளம் நாளைக்கு ஓடும் என்று நம்ப முடியாது.

அதனால் போனில் நியூபைப் என்ற செயலிக்கு மாறினோம். பிளே ஸ்ரோரில் கிடையாது, திறந்த மூலச் செயலிகளைத் தரும் எப்-ட்ரொய்ட்டில் எடுக்கலாம். இது இடையில் யாரையும் வைக்காமல் நேரே யூரியூப்பில் இருந்தே எடுக்கிறது. ஆகவே ஐபி முகவரி கூகுளுக்குத் தெரியும், ஆனால் கணக்கு என்று ஒன்று இல்லை. பின்தொடரும் சனல்களின் பட்டியலும் பார்த்த வரலாறும் போனுக்குள்ளேயே இருக்கும். கூகுளில் இருக்கும் நம் தரவை இறக்கித் தரும் கூகுள் ரேக்அவுட்டில் பழைய பட்டியலை இறக்கி அப்படியே உள்ளே கொடுத்தேன், எல்லாச் சனலும் வந்துவிட்டது. எங்கள் சிம்மில் யூரியூப் பக்கேஜிலேயே கழிகிறது. சிக்னல் குறைந்த நேரத்தில் ஒலியை மட்டும் ஓடவிடலாம். திரையை அணைத்தாலும் பாடம் நிற்காது. "மாமா, இடையில ஒரு விளம்பரமும் வரேல்லையே!" என்றாள் மருமகள். பாடத்தின் நடுவே கவனம் சிதறாததுதான் அவளுக்குப் பெரிய ஆறுதல். யூரியூப் ஏதாவது மாற்றினால் சிலநாள் ஓடாது. புதிய பதிப்பு வந்ததும் சரியாகிவிடும்.

நிட்டர் எனக்கு மாரி மழைக்குத்தான் தேவைப்பட்டது. கணக்கில்லாமல் ருவிட்டருக்குப் போனால் ஒருவருடைய பதிவுகள் நேர வரிசையில் வருவதில்லை. பழையதும் புதியதும் கலந்து கிடக்கும். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிறார்களா என்று பார்க்கிறவருக்குப் போன வருடப் பதிவு எதற்கு? நிட்டர் புதியதை மேலே வைத்துத் தரும். 2024 தொடக்கத்தில் பதிவு செய்யாமலே உள்ளே விடும் விருந்தாளிக் கணக்கு வழியை ருவிட்டர் அடைத்ததும் பல நிட்டர் தளங்கள் மூடப்பட்டன. மிச்சமிருப்பவை உண்மையான கணக்குகளைப் பின்னால் வைத்துத்தான் ஓடுகின்றன. ரெட்லிப்பை நான் அதிகம் தொடவில்லை.

பேஸ்புக்குக்குத்தான் வழி இல்லை. மரண அறிவித்தல், ஊர்ச் சங்கம், கோயில் நோட்டீஸ் எல்லாம் அங்கேதான். நம்பி ஓடக்கூடிய முகப்பு ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. மடிக்கணினியில் பயர்பொக்ஸின் பேஸ்புக் கொன்ரெய்னர் நீட்சியைப் போட்டிருக்கிறேன். நாம் போகும் மற்றத் தளங்களிலும் பேஸ்புக் பின்னால் வருவதை அது ஓரளவு தடுக்கும். பேஸ்புக்குக்குள் செய்வதை மறைக்காது.

இனி சொந்தமாக ஓர் இன்விடியஸ் நிறுவலாமா என்று பார்க்கிறேன். பழைய கணினியில் வீட்டிலேயே ஓடவிட்டால் பயனில்லை, வெளியே போவது எங்கள் வீட்டு ஐபி முகவரிதான். வாடகைச் சேவர் எடுத்தாலும் நான் ஒருவனே பாவித்தால் அந்த முகவரிக்குப் பின்னால் இருப்பது நான்தான். பலர் சேர்ந்து பாவித்தால்தான் யாருடையது எது என்று பிரிக்க முடியாது. கிளிநொச்சியில் இருக்கும் நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். வாடகையைப் பங்கிட இரண்டொருவர் ஓம் என்றிருக்கிறார்கள்.