வண்டிச் செலவு நோட்டு

செப்டம்பர் 14, 2025, ஞாயிறு

கும்பகோணத்தில் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு மன்னார்குடி திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். இதில் புதிதாக ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பாதி ஆயுள் அந்த கேட்டில்தான் கழிகிறது. புதிது என்னவென்றால் டெம்பரேச்சர் முள். ஓடும்போது பாதியில் நிற்கிற முள், வண்டி நின்ற கொஞ்ச நேரத்தில் மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொடப் பார்த்தது. பானெட்டுக்குள் இன்ஜினைக் குளிர்விக்கிற ஃபேன் சத்தமே இல்லை.

ஏ.சி.யை அணைத்தேன், கண்ணாடியை இறக்கினேன், ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டேன். கொளுத்துகிற வெயிலில் ஹீட்டர். "உனக்கென்ன பைத்தியமா?" என்று அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே கேட்டாள். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிட்டால் முள் இறங்கும். இறங்கியது. கேட் திறந்து நகர்ந்ததும் எதிர்க்காற்று பட்டு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

2008-ல் அப்பா வாங்கிய பெட்ரோல் வண்டி இது. அவருக்குப் பிறகு நான் ஓட்டுகிறேன். செலவு எழுதுகிற பழக்கமும் அவருடைய நோட்டும் சேர்ந்தே என்னிடம் வந்தன.

செப்டம்பர் 16, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் பாய், பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயரை இழுத்து ஃபேன் மோட்டாருக்குக் கொடுத்தார். அசையவில்லை. ஸ்பேனரின் பின்பக்கத்தால் லேசாக ஒரு தட்டு தட்டினார். சுற்றியது. வயரை எடுத்துவிட்டு மறுபடி கொடுத்தார். கம்மென்று இருந்தது. "கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சு டீச்சர். தட்டுனா ஓடும். கேட்டுல இறங்கி யாரு தட்டறது?"

கம்பெனி மோட்டார் 2,400, லோக்கல் 1,300. நிற்க வைத்துவிடக்கூடிய சாமான் எதிலும் நான் லோக்கல் போடுவதில்லை. 2,400.

அப்புறம் ரேடியேட்டரைக் காட்டினார். தகடுகளின் இடுக்கெல்லாம் நெல் பதரும் வைக்கோல் தூசியும் பூச்சியும் சேர்ந்து கெட்டியாகப் படிந்திருந்தன. ரோட்டிலேயே நெல் காய வைக்கிற ஊர். வேறு எப்படி இருக்கும்? தண்ணீர் அடித்துக் கழுவியதும் கீழ் மூலையில் பச்சையாகக் கூலண்ட், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கிற திரவம், கசிவது தெரிந்தது. மாற்றத்தான் வேண்டும். "22-ஆம் தேதிக்கு மேல வாங்குங்க, வரி குறையுது" என்றார். ரிப்பேரைத் தள்ளிப்போடச் சொல்லும் மெக்கானிக் கிடைப்பது கஷ்டம். பாயை விட்டு நான் வேறு பட்டறைக்குப் போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

செப்டம்பர் 24, புதன்

உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனது. 4,480 சொன்ன ரேடியேட்டர் 4,130-க்கு வந்தது. 350 ரூபாய் மிச்சம் என்று நோட்டில் எழுதி முடிப்பதற்குள் லேபர் 600-லிருந்து 800 ஆகியிருப்பதைப் பாய் சொன்னார். அவர் பையன்களுக்குக் கூலி ஏற்றியிருக்கிறார். கேட்டதைக் கொடுத்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது. கழுவும்போது இடது கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்பளித்திருப்பதைப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் மொறுமொறுவென்று உதிர்கிறது. நல்ல நாளும் அதுவுமாக இதற்கு மேல் தோண்ட வேண்டாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

எலி. குறுவை அறுத்ததும் வயலில் இருந்ததெல்லாம் வீட்டுக்கு வரும், வீட்டை அடைத்தால் பானெட்டுக்குள் போகும். காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி இழுத்து இழுத்து ஓடியது, இன்ஜின் விளக்கு எரிந்தது. திறந்து பார்த்தால் பேட்டரி மேல் வைக்கோல் மெத்தை, பக்கத்திலேயே கடித்துத் துப்பிய வயர் தோல். வயர்மேன் வீட்டுக்கே வந்து ஒவ்வொரு வயராகப் பிரித்து, ஒட்டி, டேப் சுற்றினார். 1,900.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டிடம் கேட்டேன். கிளெய்ம் போடலாமா கூடாதா என்பதற்கு முன்னால் கணக்கைப் பார்க்கச் சொன்னார். எந்த கிளெய்மாக இருந்தாலும் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். தேய்மானமே கழிக்காத பாலிசி இவ்வளவு பழைய வண்டிக்குக் கிடைக்காது. ஒரு கிளெய்ம் போட்டால் கிளெய்மே போடாமல் இத்தனை வருஷம் சேர்த்த 50 சதவீத போனஸ் தள்ளுபடியும் போய்விடும். 1,900 ரூபாய்க்காக அதை விடுவார்களா?

பானெட்டுக்குள் நாலு மூலையிலும் புகையிலைக் காம்பு கட்டியிருக்கிறேன். எலி வருகிறதோ இல்லையோ, ஏ.சி. போட்டால் வெற்றிலைக் கடை வாசனை வருகிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

பெட்ரோல் ட்யூபில் வெடிப்பு. பெட்ரோல் பங்க்கில் போடுவது இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அதற்கு ஏற்ற ரப்பர் இருக்கிறது, என்னுடையதில் இல்லை. பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர் சாமான்களைச் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. சின்னச் செலவுதான் என்றும் சொன்னது. ட்யூபும் கிளிப்பும் 450. சின்னச் செலவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ட்யூபில் வெடிப்பு வந்தது எத்தனாலாலா, 17 வயதாலா என்று பாயாலும் சொல்ல முடியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

சிங்கப்பூரிலிருந்து தம்பி பேசினான். "அக்கா, ஒரு வருஷத்துல எவ்வளவு போட்ட?" நோட்டைக் கூட்டினேன். போன நவம்பரிலிருந்து டயர் இரண்டு, பேட்டரி, லோயர் ஆர்ம் புஷ், ரேடியேட்டர், எலி எல்லாம் சேர்த்து 38,000 சொச்சம். 2022-ல் இது 11,000. புரோக்கர் வண்டிக்குச் சொன்ன விலை 70,000. "வண்டி வெலையில பாதிய ரிப்பேருக்கே குடுத்திருக்க, வித்துடு" என்றான்.

எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்கே பிடிபடவில்லை. நான் விற்காத வரை அந்த 70,000 யாரோ சொன்ன ஒரு எண். கேட்க வேண்டியது, அடுத்த ஒரு வருஷம் எனக்கும் அம்மாவுக்கும் ஓட ஒரு கார் வேண்டும், அதற்கு எந்த வழியில் எவ்வளவு ஆகும் என்பதுதான். 5 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதம் 10,379. வருஷத்துக்கு ஒண்ணே கால் லட்சம். கடன் முடிகிற நேரத்தில் இன்ஷூரன்ஸ் கணக்குப்படி அந்தப் புது வண்டியின் மதிப்பும் பாதியாகியிருக்கும். 38,000 இரட்டிப்பானாலும் இதைத் தொடாது.

தம்பி விடவில்லை. "ராத்திரி பத்து மணிக்கு அம்மாவுக்கு ஒண்ணுன்னா தஞ்சாவூர் வரைக்கும் நம்பிப் போவியா?" அதற்கு ரூபாயில் பதில் இல்லை. போவேன் என்று சொன்னேன். வடுவூர் தாண்டி வண்டி நின்றால் என்ன செய்வது என்று அப்புறம் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மழை. டிரைவர் பக்கக் கதவுப் பூட்டு உடைந்து ஒரு வாரமாக இடது பக்கம் ஏறி நகர்ந்து உட்கார்கிறேன். சேலையில் இதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். இந்த மாடலை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டதால் பூட்டு திருச்சியிலும் இல்லை, தஞ்சாவூரிலும் இல்லை. பிரேக் பேடு, ஃபில்டர் போல அடிக்கடி தேய்கிற சாமானை யார் யாரோ செய்து விற்கிறார்கள். பூட்டு, கண்ணாடி மோட்டார், சுவிட்ச் போன்றவற்றைச் செய்ய யாருக்கும் ஆசையில்லை. கடைசியில் சென்னை புதுப்பேட்டையில் கழற்றிப் போட்ட வண்டியிலிருந்து ஒன்று பஸ் பார்சலில் வந்தது. 900. அதன் சாவி வேறு. ஆக, கதவுக்கு ஒரு சாவி, ஸ்டார்ட் செய்ய ஒரு சாவி.

ஜனவரி 4, 2026, ஞாயிறு

மழை விட்டதும் வண்டியைப் பட்டறைக் குழி மேல் நிறுத்தச் சொல்லியிருந்தார் பாய். கீழே இறங்கி ஸ்க்ரூடிரைவர் முனையால் இடம் இடமாகக் குத்திக்கொண்டு போனார். நானும் குனிந்து பார்த்தேன். கதவுக்குக் கீழே சதக்கென்று உள்ளே போனது. நடு ஃப்ளோரில் ணங்கென்றது. முன்னால் இன்ஜினைத் தாங்குகிற மெம்பரிலும் ணங்கென்றது. "அடி நல்லாருக்கு. சைடுல தகடு வெட்டி வெல்டு வச்சா போதும். மெம்பர் போயிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்."

வண்டியின் பதிவுச் சான்று, ஆர்.சி., 2028 வரை இருக்கிறது. 2023-ல் புதுப்பித்தபோது கட்டணம் 5,000. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். ஆக 2028-தான் எல்லை. நடுவில் மெம்பரோ இன்ஜினோ போனால் அன்றைக்கே புரோக்கரைக் கூப்பிடுவேன். தம்பியிடமும் சொல்லிவிட்டேன். முனகினான்.

பாய் எழுதிக் கொடுத்த பட்டியலில் பின் சக்கர பிரேக் சிலிண்டர் ஒழுகுவது முதலில் இருந்தது. அதை இன்றைக்கே செய்யச் சொன்னேன். வெல்டிங் 3,500, சரி. கிளட்ச் செட் லேபரோடு 7,500, பொங்கல் கழித்து. முழு வண்டிக்கும் பெயிண்ட், வேண்டாம். ஏ.சி. கம்ப்ரஸர் சத்தம் போடுகிறது, 14,000 ஆகும் என்றார். மார்கழியில் யாருக்கு வேணும் ஏ.சி.? சித்திரையில் அம்மா திட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.