ஓசியில் படம் காட்டப் பட்ட பாடு

என்னுடைய பழைய குறும்படங்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் இப்போது யூடியூபிலும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் களஞ்சியத்திலும் இருக்கின்றன. யாரும் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம், கல்லூரியில் திரையிடலாம், காசு வேண்டாம். 2000களில் மினிடிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் கேசட் போடும் கேமராவில் படம் எடுத்தவர்கள் பலரின் பீரோவில் இன்னும் டேப் கிடக்கிறது. அவர்களில் சிலராவது இந்த வேலையில் இறங்குவார்கள் என்பதால் பட்டதை எழுதிவைக்கிறேன். படத்தை விற்கப் போனால் வாங்குகிறவர் ஒரு வக்கீலை வைத்துக் காகிதமெல்லாம் சரிபார்த்துக்கொள்வார். இனாமாகக் கொடுக்கிறவனுக்கு அந்த வக்கீலும் அவனேதான்.

எல்லாம் 2003க்கும் 2009க்கும் நடுவில் எடுத்தவை. சென்னை அண்ணா சாலை எல்.எல்.ஏ. பில்டிங்கில் திரையிட்டு, விசிடி போட்டு ஐம்பது ரூபாய்க்கு விற்று, அப்புறம் அப்படியே நின்றுபோனவை. அப்போதே யூடியூபில் போட்டிருக்கலாமே என்று கேட்கிறார்கள். 2006லிருந்து 2010 வரை அங்கே ஒரு வீடியோ 10 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நம்மிடம் இருந்த இணைப்பில் அந்தப் பத்து நிமிடத்தை ஏற்றவே ஒரு ராத்திரி போய்விடும்.

முதல் அடி டேப்பைக் கணினிக்கு மாற்றும் இடத்தில் விழுந்தது. நகரத்தில் கல்யாண வீடியோ கேசட்டுகளை மாற்றித் தரும் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து பென்டிரைவைக் கையில் வைத்து, "எம்பி4 போட்டுட்டோம் சார், டிவில ஃபுல் ஸ்கிரீனா வருது பாருங்க" என்றார் அங்கிருந்த தம்பி. ஃபுல் ஸ்கிரீனாக வந்தது உண்மைதான். 4:3 சட்டகத்தில் எடுத்த படத்தைப் பக்கவாட்டில் இழுத்து 16:9 ஆக்கிவிட்டார்கள். ஒடிசலாக இருக்கிறார் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த நடிகர், கன்னம் உப்பிப் போய் நின்றார். அதோடு கையோ தலையோ அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள். மொத்தப் படமும் சில நூறு எம்பிதான்.

இங்கே ஒரு கணக்கு மட்டும் மனதில் இருந்தால் போதும். மினிடிவி டேப்பில் இருப்பதே டிஜிட்டல் கோப்புதான். அதைச் சுருக்காமல் அப்படியே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 13 ஜிபி வரும். ஸ்டுடியோ தரும் கோப்பு அதைவிட ரொம்பச் சின்னதாக இருந்தால், நடுவில் யாரோ கசக்கிப் பிழிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காசு கொடுப்பதற்கு முன்பே "சுருக்காத ஏவிஐ வேண்டும், 720க்கு 576, இழுக்கக் கூடாது" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நான் வாயால் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு அவர்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தார்கள். காசைத் திருப்பித் தரவில்லை.

சரி, நாமே செய்வோம் என்று நண்பரின் பழைய கேமராவை வாங்கி வந்தேன். அது வேலை செய்தது, ஆனால் ஃபயர்வயர் (அந்தக் கேமராவைக் கணினியோடு சேர்க்கும் பழைய வகை இணைப்பு) துளை உள்ள கணினி எங்கே இருக்கிறது? சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடையில், ஒரு முனை யூஎஸ்பியும் மறுமுனை ஃபயர்வயருமாக ஒரு கேபிளை எடுத்துக் கொடுத்து "ஓடும் சார், கியாரண்டி" என்றார்கள். ஓடாது. யூஎஸ்பியும் ஃபயர்வயரும் தரவை அனுப்பும் முறையே வேறு. முனையை மட்டும் மாற்றினால் ஒன்றும் நடக்காது. ஆன்லைனிலும் இதே கேபிள் ஐந்து நட்சத்திரத்தோடு விற்கிறது, ஏமாந்துவிடாதீர்கள். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் ஒரு ஃபயர்வயர் கார்டு வாங்கிப் பொருத்தலாம். ஆப்பிள்காரர்கள் அடாப்டருக்கு மேல் அடாப்டர் மாட்டி எடுக்கலாம், ஆனால் மேக்ஓஎஸ் 26இல் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். பழைய பதிப்பில் ஓடும் மேக் வேண்டும். எனக்குக் கைகொடுத்தது அதே தெருவில் இன்னொரு கடையில் தூசி படிந்து கிடந்த பழைய லேப்டாப். பக்கத்தில் நாலு பின் துளை இருந்தது. அந்த யூஎஸ்பி கேபிளுக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் கூட.

டேப்பைப் போடுவதற்கு முன்னால் சின்ன ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சென்னைக் காற்றின் ஈரத்துக்குச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். பிடித்திருந்தால் அதைக் கேமராவில் போடவே போடாதீர்கள். ஹெட் அழுக்காகும், அடுத்து போடும் நல்ல டேப்புக்கும் ஒட்டும். சுத்தமாக இருக்கும் டேப்பையும் ஒருமுறை கடைசி வரை ஓட்டி, முழுக்கத் திரும்பச் சுற்றிவிட்டு அப்புறம் பிளே பண்ணுங்கள். வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்த சுருள் கொஞ்சம் தளர்ந்து சீராகும். ஓடும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்தால் உடனே டேப் போய்விட்டது என்று கலங்க வேண்டாம். முதலில் கிளீனிங் டேப் போட்டுப் பாருங்கள், பாதிக்குமேல் அதிலேயே சரியாகிவிடும்.

டேப்பிலிருந்து கணினிக்கு மாற்றுவது பிரச்சினையில்லாமல் முடிந்தது. சீப்புக் கோட்டை எடுக்க ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் டீஇன்டர்லேஸ் பகுதியில் 'பாப்' என்ற தேர்வைப் போட்டால் நொடிக்கு 50 சட்டகமாக வழுவழுவென்று வரும். வரிசை முக்கியம்: முதலில் கோட்டை எடுக்க வேண்டும், அப்புறம்தான் அளவைக் கூட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் கோடு படத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. கடைசியில் 1440க்கு 1080 அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றினேன். காரணம், யூடியூபில் படத்தின் உயரம் 720க்குக் கீழே போனால் 50 சட்டகம் நிற்காது, பாதியாக்கிவிடும். பழைய படத்தைப் பெரிதாக்கினால் தெளிவு கூடிவிடாது, ஆனால் இருந்த தெளிவு குறையாமல் போய்ச் சேரும்.

அப்புறம் காகிதம்.

ஒரு படம் ஒரு அறக்கட்டளையின் பணத்தில் எடுத்தது. இயக்கியவன் நான், எழுதியவன் நான், படத்தொகுப்புக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்தவனும் நான். ஆனால் நம் 1957 காப்புரிமைச் சட்டத்தில் படத்துக்கு உரியவர் தயாரிப்பாளர். வெளியாகி 60 வருஷம் வரை அவர் கையில்தான். ஆகவே ஒரு தடையில்லாச் சான்று கேட்டுப் போனேன். அலுவலக எழுத்தர் மனுவை வாசித்துவிட்டு, "ஃப்ரீயாத்தானே போடறீங்க, அதுக்கு எதுக்கு சார் லெட்டர்?" என்றார். எழுத்தில் இருந்தால் நல்லது என்றேன். அடுத்த முறை போனபோது அதே மனிதர், "ஃப்ரீன்னா எங்களுக்கு என்ன சார் வருது? நாங்க எதுக்குக் கையெழுத்து போடணும்?" என்றார். இரண்டு கேள்விக்கும் நடுவில் அவருக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. பிறகு மூல ஒப்பந்தத்தின் நகல் வேண்டும் என்றார். அது உங்களிடம்தானே இருக்கும் என்றால், 2015 வெள்ளத்தில் ஃபைலெல்லாம் போய்விட்டதாம்.

என்னிடம் இருந்த பிரதி என் ஆடிட்டரின் பரணில் கிடைத்தது! அந்த வருஷத்து வருமான வரிக் கணக்கோடு சேர்த்துக் குத்தி வைத்திருந்தார். காகிதம் தேடுகிறவர்கள் வீட்டைப் புரட்டுவதற்கு முன்னால் ஆடிட்டரிடம் கேளுங்கள். காசு கைமாறிய எல்லாவற்றுக்கும் அவரிடம் ஏதாவது ஒரு தாள் இருக்கும். அந்த ஒப்பந்தத்தில், வணிக நோக்கமில்லாத திரையிடல்களுக்கு இயக்குநர் படத்தைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. எழுத்தர் அசரவில்லை. "திரையிடல்னு போட்டிருக்கு, நெட்டுன்னு போடலையே" என்றார். கமிட்டி கூடும்போது வைக்கிறேன் என்றார். கமிட்டி கூடியது, வைக்கவில்லை.

கடைசியில் நடந்தது இதுதான். சான்றை நானே தட்டச்சு செய்து, கையெழுத்துக்கும் முத்திரைக்கும் இடம் விட்டு, நிர்வாக அறங்காவலர் வரும் நேரம் தெரிந்துகொண்டு போய் நேராக அவர் மேசையில் வைத்தேன். மனிதர் இரண்டு நிமிடம் படித்தார், கையெழுத்து போட்டார், காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். யாரையும் ஒரு கடிதம் எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். எழுதியதைக் கொண்டுபோய் நீட்டுங்கள். அதில் 'இணையத்தில், எல்லா நாடுகளிலும், கால வரம்பின்றி, கட்டணமின்றி' என்ற நாலும் இருக்கட்டும். யாரும் பயன்படுத்திக்கொள்ள முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் தரப்போகிறீர்கள் என்றால் அதையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

இன்னொரு படம் ஒரு சிற்றிதழ்க் கதையிலிருந்து எடுத்தது. எழுத்தாளர் இப்போது இல்லை. அவர் எழுத்து நாட்டுடைமை ஆகியிருந்தால் கவலையில்லை, ஆகவில்லை. ஆகவே உரிமை குடும்பத்திடம். அவர் மகளைத் தேடிப் பிடிக்க நேரமானது, பேச ஆரம்பித்ததும் ஐந்தே நிமிடத்தில் சம்மதம். டைட்டிலில் அப்பாவின் இனிஷியல் தப்பாக இருக்கிறது, அதை மட்டும் சரிசெய்யச் சொன்னார். செய்துவிட்டேன். அதே படத்தில் நடித்த சின்னப் பையன் இப்போது சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கிறார். அன்றைக்கு அவர் அப்பாதான் சம்மதம் சொன்னார் என்றாலும், வளர்ந்த பிறகு அவரையும் ஒரு வார்த்தை கேட்பது முறை. "அந்த அழற சீனை மட்டும் ஆபீஸ்ல யாரும் பாக்காம இருந்தா சரிண்ணே" என்று சிரித்தார். சீன் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு இசை.

யூடியூபில் ஏற்றும்போது முதலில் 'பிரைவேட்' என்று வையுங்கள். வெளியிடும் முன்பே காப்புரிமைச் சோதனை ஓடி, சிக்கல் இருந்தால் சொல்லிவிடும். ஏற்றிய கோப்பை அதே முகவரியில் மாற்ற அங்கே வழியில்லை என்பதால், இணைப்பை ஊருக்கெல்லாம் அனுப்பிய பிறகு கண்டுபிடித்தால் கதை கந்தல்.

எனக்கு இரண்டு கிளெய்ம், அதாவது 'இது எங்கள் இசை' என்ற உரிமைக்கோரல்கள், வந்தன. ஒன்று நியாயமானது. டீக்கடைக் காட்சியில் பின்னால் ரேடியோவில் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது, மெல்லிசாகத்தான், ஆனால் இயந்திரக் காதுக்கு அது போதும். அந்த இடத்தை மட்டும் ஊமையாக்கலாம் என்றால் வசனமும் போய்விடும். கலவை செய்த பழைய கோப்புகளோ ஹார்டு டிஸ்க்கோடு போய்விட்டன. காப்பாற்றியது படப்பிடிப்பு டேப். எங்கள் ஒலிப்பதிவாளர் அந்தக் காலத்திலேயே நடிகர் பக்கத்தில் கோலில் நீட்டிப் பிடிக்கும் பூம் மைக்கை ஒரு சேனலிலும் கேமரா மைக்கை இன்னொரு சேனலிலும் தனித்தனியாகப் பதிந்திருந்தார். பூம் சேனலில் வசனம் கணீரென்று இருந்தது, பாட்டு ஏறக்குறைய இல்லை. அதை வைத்துக் காட்சியைத் திரும்பக் கோர்த்தேன். கடைச் சத்தம் மட்டும் புதிதாக வேண்டியிருந்தது. எங்கள் தெருமுனை டீக்கடையில் பாட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னால், "பாட்டு இல்லாத டீக்கடைக்கு யாரு சார் வருவா" என்று மாஸ்டர் மறுத்துவிட்டார். கரண்ட் போன ஒரு மதியம் ஓடிப்போய்ப் பதிந்துகொண்டேன். எடிட் செய்த படம் மட்டும் போதும் என்று படப்பிடிப்பு டேப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொரு கிளெய்ம்தான் வயிற்றெரிச்சல். எங்கள் படத்துக்கென்று நண்பர் போட்ட தீம் இசைக்கே ஒரு இசை நிறுவனம் சொந்தம் கொண்டாடியது. நண்பர் அன்றைக்குக் காசு கொடுத்து வாங்கிய ஒரு தாள லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் துணுக்கு) அடியில் ஓடவிட்டிருந்தார். அந்த லூப் யார் வேண்டுமானாலும் வாங்கக் கூடியது. பல வருஷம் கழித்து வேறு ஒருவர் அதையே வைத்து ஒரு பாட்டுப் போட, அதை அந்த நிறுவனம் முழுக்கத் தனதென்று பதிந்துவிட்டது. விளைவு, நான் இலவசமாகக் கொடுக்கும் படத்தில் அவர்கள் விளம்பரம் ஓட்டிச் சம்பாதிக்கலாம்.

அதை மறுத்து யூடியூபில் டிஸ்பியூட் போட்டேன். கிளெய்ம் வந்த 5 நாளுக்குள் போட்டால், அதுவரையிலான விளம்பரப் பணமும் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும்; ஆகவே யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள். அவர்கள் மறுத்தால் அப்பீல், அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்கு 7 நாள். அப்பீலுக்குப் பிறகும் அவர்கள் வீடியோவை நீக்கக் கோரி, அது ஏற்கப்பட்டால் சேனலுக்கு ஸ்ட்ரைக் என்ற தண்டனைக் குறி விழும், மூன்று சேர்ந்தால் சேனலே போகும். அதனால் ஆதாரம் இல்லாமல் வீம்புக்கு அப்பீல் போகாதீர்கள். நண்பர் தன் பழைய மின்னஞ்சலைத் தோண்டி லூப் வாங்கிய ரசீதை எடுத்துத் தந்தார். விளக்கத்தில் ஆத்திரத்தைக் கொட்டாமல், லூப்பின் பெயர், வாங்கிய தேதி, 'ஒருவருக்கு மட்டுமல்ல, பலருக்கும் தரும் உரிமம்' என்ற வரி, எங்கள் படம் அவர்கள் பாட்டுக்கு முந்தியது என்ற விவரம், இவ்வளவை மட்டும் எழுதினேன். கெடு முடியும் தறுவாயில் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் கிளெய்மை விட்டுவிட்டார்கள். மன்னிப்பாவது, மண்ணாங்கட்டியாவது.

மிச்சமெல்லாம் லேசாகவே முடிந்தது. பழைய எழுத்துருவில் இருந்த வசனக் கோப்பை என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக்கி சப்டைட்டில் செய்தேன். உரிமத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: யூடியூபில் உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் தேர்வு, பெயர் போட்டால் போதும், விற்றுக்கூடக் கொள்ளலாம் என்கிற வகை. கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. அதனால் அங்கே சாதாரண உரிமத்தில் வைத்துவிட்டு, வணிகத்துக்கு அல்லாத உரிமத்தோடு முழுக் கோப்பையும் ஆர்க்கைவில் ஏற்றினேன். விளம்பரம் இல்லாமல் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் அந்த இணைப்பைத்தான் கொடுக்கிறேன். அந்தத் தளமே 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாள் முடங்கியது, ஆகவே வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க்கும் தங்கையின் வீட்டில் ஒன்றும் இருக்கின்றன.

பாக்கியிருக்கும் அந்த ஒரு படம், டேப் மிச்சம் பிடிக்க 60 நிமிட டேப்பில் 90 நிமிடம் பதியும் எல்பி முறையில் எடுத்தது. எல்பியில் பதிந்ததை வேறு கேமரா பல சமயம் படிக்காது. என்னிடம் உள்ளதில் வெறும் கட்டங்களும் விட்டு விட்டு வரும் குரலும்தான். எடுத்தது இரவல் வாங்கிய சோனி விஎக்ஸ்2000 கேமரா, அதைக் கொடுத்தவர் எப்போதோ விற்றுவிட்டார். அந்த மாடல் யாரிடமாவது ஓடுகிற நிலையில் இருந்தால் சொல்லுங்கள். டேப்பும் லேப்டாப்புமாக நானே வந்துவிடுகிறேன், ஒரு மதியம் போதும்.