ரெனின் டெஸ்டா? ஐஸ் பெட்டி பக்கம் ஒரு கண் இருக்கட்டும்

டெல்மிசார்டன் 80, ஆம்லோடிபின் 10, குளோர்தாலிடோன் 25. மூன்றும் ஒருநாள் விடாமல் போட்டும் பிரஷர் 160-க்குக் கீழே இறங்கவில்லை. புஜம் 36 செ.மீ. என்பதால் பெரிய பட்டை கட்டியும் பார்த்தாயிற்று (சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடுதலாகத்தான் காட்டும்), மாற்றமில்லை. அடுத்து அல்டோஸ்டீரோன்–ரெனின் விகிதம்: சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி அல்டோஸ்டீரோன் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து பிரஷரை ஏற்றுகிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை; விகிதம் கூடினால் அந்த நோய் இருக்கலாம் என்று சந்தேகம். அதை இரண்டு தடவை எடுக்கவேண்டி வந்த எரிச்சலில்தான் இது.

முதல் தடவை, ரத்தம் எடுத்தவர் ரெனின் குழாயை நேராக ஐஸ் பெட்டியில் செருகினார். கேட்டால், "ஹார்மோன்னா ஐஸ்தான் சார்." ஏசிடிஎச் என்ற இன்னொரு ஹார்மோனுக்கு அது சரி. ரெனினுக்குத் தப்பு. குளிர்ந்தால் ரத்தத்தில் இருக்கும் புரோரெனின் (ரெனினின் வேலை செய்யாத முன்வடிவம்) ரெனினாக மாறிவிடும். ரெனின் ஏறினால் விகிதம் இறங்கும், இருக்கிற நோய் இல்லையென்று ரிப்போர்ட் வரும். பிளாஸ்மா பிரிக்கும்வரை குழாய் சாதாரண அறைச் சூட்டிலேயே இருக்கவேண்டும். ரத்தம் கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து எடுப்பவர் காலை ஆறுக்கே மணியடிப்பார். எழுந்த கையோடு கையை நீட்டாதீர்கள். எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடி, பிறகு 5 முதல் 15 நிமிடம் உட்கார்ந்த பின்தான் எடுக்கவேண்டும். டெஸ்டுக்காக உப்பைக் குறைக்கவும் வேண்டாம்.

மாத்திரைகள் தனித் தலைவலி. ஸ்பைரோனோலாக்டோன் போடுபவர்கள் நான்கு வாரம் முன்பே நிறுத்தியிருக்கவேண்டும். மெட்டோப்ரோலால், அட்டினோலால் ரெனினை அமுக்கி, இல்லாத நோயைக் காட்டும். டெல்மிசார்டனும் நீர்மாத்திரையும் அதற்கு நேர்மாறு. எதை நிறுத்துவது, அதுவரை பிரசோசின் மாதிரி எதைப் போடுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், நீங்களாக நிறுத்தினால் ஆபத்து. பொட்டாசியம் குறைந்திருந்தால் அல்டோஸ்டீரோனும் குறைத்துத்தான் காட்டும். அதை முதலில் சரிக்கட்டுங்கள்.

யாரும் கேட்காத ஒன்று: அதிமதுரம். இருமலுக்கு மென்றுகொண்டே இருப்பவர்களுக்கு அதுவே பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும்.

இரண்டாம் தடவை குழாய் சட்டைப்பையில் போனது. ரெனின் அடிமட்டம், விகிதம் 30-க்கு மேல். இனி நான்கு மணி நேரத்தில் 2 லிட்டர் சலைன் ஏற்றி உறுதிசெய்யவேண்டும், பிறகு அட்ரினல் சிடி. சலைன் டெஸ்டில் முக்கியமாகப் பார்ப்பது அல்டோஸ்டீரோனைத்தான். ஐஸ் தகராறு அங்கே கிடையாது.