பதின்மூன்றாம் பாகத்தின் விலை

பழைய புத்தகக் கடையில் சில மாதங்கள் நின்றவனுக்கு, ஒரு நாவலைத் திறக்காமலே அதைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். முதுகைப் பார்த்தால் போதும். தடித்த காகித அட்டைப் புத்தகத்தை விரித்துப் படிக்கப் படிக்க, அதன் முதுகில் வெள்ளை வெள்ளையாகச் சுருக்கங்கள் விழும். சுருக்கம் பாதி அகலத்தில் நின்றுபோயிருந்தால் வாசகரும் அங்கேயே நின்றுவிட்டார் என்று பொருள். கடைசிப் பக்கம் வரை போனவரின் பிரதி, நாள்பட்ட வேட்டியைப் போலத் துவண்டு கிடக்கும்.

இந்த வித்தையை நான் கற்றது பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மேல்மாடியில். 2004 தொடக்கத்தில், எஸ்டிபிஎம் என்ற மேல்நிலைப் பள்ளித் தேர்வின் முடிவுகளுக்காகக் காத்திருந்த நாட்களில், "மூன்று மாதம் நிற்கட்டும்" என்று அப்பா கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். மூன்று மாதம் நான்கு ஆண்டாகிவிட்டது. கீழே மீனும் கோழியும், ஓரத்தில் ஜாதிக்காய் ஊறல் விற்கும் கடைகள். படி ஏறினால் மீன் வாடை குறைந்து பழுப்புக் காகிதத்தின் வாடை தொடங்கும். சூலியா தெரு விடுதிகளில் தங்கிய பயணிகள் சுமை குறைய விற்றுவிட்டுப் போனவை, பயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பொறியாளர்கள் வீடு மாறும்போது பெட்டியோடு இறக்கியவை, யாரோ இறந்தபின் பிள்ளைகள் வந்து கொடுத்தவை. இப்படித்தான் எங்கள் சரக்கு சேரும்.

அந்தச் சரக்கில் எனக்கு அதிகத் தலைவலி கொடுத்தவை மிகைபுனைவு நெடுந்தொடர்கள். ஒவ்வொரு பாகமும் ஒரு செங்கல். அட்டையில் முக்காடிட்ட ஒருவர், கையில் கோல், பின்னால் மலை. முன்பக்கத்தில் வரைபடம், பின்பக்கத்தில் பெயர் அகராதி. நான் சேர்ந்த இரண்டாவது வாரம், ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' தொடரில் முதல் ஒன்பது பாகங்கள் ஒரே வீட்டிலிருந்து வந்திருந்தன. வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். ஒரு மாணவர் வந்து முதல் பாகத்தை மட்டும் கேட்டார். எட்டு ரிங்கிட். முதல் தனி வியாபாரம் என்ற பெருமையோடு கொடுத்துவிட்டேன்.

திரும்பி வந்த முதலாளி அலமாரியைப் பார்த்தார். "தலையை வெட்டி விற்றுவிட்டாயே, தம்பி. முண்டத்தை இனி யார் வாங்குவார்?"

அந்த மாணவர் திரும்பி வரவேயில்லை. எட்டுப் பாகங்களும் கீழ்த்தட்டில் மாதக்கணக்கில் தூசி குடித்தன. தண்டனை என்று சொல்லாமல் அவர் ஒரு தண்டனை விதித்தார். விற்காத சரக்கு என்னவென்று விற்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எனவே நானே அதைப் படித்து அவருக்குக் கதை சொல்ல வேண்டும். எட்டு மாதம் கழித்து வேறொரு பெட்டியில் இன்னொரு முதல் பாகம் கிடைத்தது. அதற்குள் நான் இரண்டில் தொடங்கி ஐந்தைத் தாண்டியிருந்தேன். தலை இல்லாமல் படித்துப் பிறகு தலையைத் தேடிக்கொண்டவன் நான். ஒருவகையில் அந்தத் தொடரின் நாயகன் கதையும் அதுதான்.

முதலாளியை நாங்கள் எல்லாரும் மாமா என்றுதான் அழைப்போம். குடும்பம் கடையநல்லூரிலிருந்து வந்தது. விலை எழுதும் அளவுக்குத்தான் அவருக்கு ஆங்கிலம். ஆங்கில நாவல் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. ஆனால் சிறு வயதில் அவருடைய தாயார் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையை உரக்கப் படிக்கக் கேட்டு வளர்ந்தவர். அசர் என்ற மாலைத் தொழுகைக்கு முன் வரும் அந்த மந்தமான நேரத்தில், கீழேயிருந்து தே தாரிக் என்ற நுரைத் தேநீர் வரும். நான் கதை சொல்லத் தொடங்குவேன்.

"ஒரு மலைக்கிராமம், மாமா. மூன்று வாலிபர்கள். மந்திரம் தெரிந்த ஒரு பெண் வந்து, உங்களில் ஒருவனைத்தான் இருளின் தலைவன் தேடுகிறான் என்கிறாள்."

"அதில் ஆடு மேய்க்கிறவன் உண்டா?"

"ராண்ட் என்று ஒருவன். அவன் தகப்பனார் ஆடு வளர்க்கிறார்."

"அவன்தான். அந்தத் தகப்பன் பெற்ற தகப்பனாக இருக்க மாட்டார்."

நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். வேறு யாரோ முன்பே சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அரசனாக வேண்டியவன் அரண்மனையிலேயே வளர்ந்தால் கதைக்கு வேலை ஏது? கர்ணனைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டார்கள். மூசா நபியையும் பெட்டியில் வைத்துத்தான் விட்டார்கள். வேதம் வேறு, கதை வேறு. ஆனாலும் பெட்டி ஒன்றுதான்."

அன்றிலிருந்து நான் கதை சொல்லும் முறையே மாறிப்போனது. நடந்ததைச் சொல்வதற்கு முன் அவரை ஊகிக்கவிட்டேன். பத்துக்கு எட்டு சரியாகச் சொல்வார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. படிக்காத ஒருவரால் ஊகிக்க முடிகிற கதைக்கு எண்ணூறு பக்கம் எதற்கு? அச்சில் வார்த்த பாத்திரங்கள், தேய்ந்த தடம் என்று அந்த வயதின் மேதாவித்தனத்தோடு சொன்னேன்.

மாமா அதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. பங்சாவான் பற்றிப் பேசினார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பினாங்கில் பிறந்த நாடகம் அது. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து, இங்கிருந்தவர்கள் மலாயில் ஆடத் தொடங்கினார்கள். மாமாவின் தகப்பனாரின் தகப்பனார் அதற்கு அடிமை. முழுமையாக எழுதிய வசனம் கிடையாது. கதையின் எலும்புக்கூட்டை மட்டும் சொல்லிவிட்டு நடிகர்களை மேடையில் இறக்கிவிடுவார்கள். திரைச்சீலைகளும் அரண்மனை, தோட்டம், காடு, தெரு என்று எண்ணி வைத்தவை. நாயகனுக்கு 'ஓராங் மூடா' என்று பெயர், நாயகிக்கு 'ஸ்ரீ பாங்கோங்', பிறகு ஜின், கோமாளி. இன்று அரபுக் கதை, நாளை சீனக் கதை, மறுநாள் ஷேக்ஸ்பியர். கதை மாறினாலும் ஓராங் மூடா ஓராங் மூடாதான். காட்டுத் திரை இறங்கியதும் ஜின் வரப்போகிறது என்று முன்வரிசைப் பிள்ளைக்கும் தெரியும்.

"தெரிந்தே ஏன் போனார்கள்?" என்று கேட்டேன்.

"ஜின் வருமா என்று பார்க்கப் போகவில்லை. இன்றைக்கு எப்படி வருகிறது என்று பார்க்கப் போனார்கள்."

பிறகு அந்தத் தொடரை வேறு கண்ணோடு பார்த்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வருகிற கதை அது. பாகத்துக்குப் பாகம் இடைவெளி ஓரிரண்டு ஆண்டுகள். வாசகர் எதைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே நுழைவார்? நைனீவ் என்ற பெண்ணுக்குக் கோபம் வந்தால் தன் சடையைப் பிடித்து இழுப்பாள். எத்தனை முறை இழுத்தாள் என்று எண்ணத் தொடங்கி மூன்றாம் பாகத்தில் கைவிட்டேன். அதைக் கேலி செய்யாத வாசகர் எங்கள் கடைக்கு வந்ததில்லை. ஆனால் ஐம்பது பக்கம் அவளைக் காணாமல் இருந்துவிட்டுச் சடை இழுபட்டதும், பெயரைப் படிக்கும் முன்பே ஆளைத் தெரிந்துவிடும். ஒவ்வொரு பாகத்தின் முதல் அத்தியாயமும் காலச்சக்கரம் சுழல்வதையும் எங்கோ ஒரு காற்று எழுவதையும் சொல்லித்தான் தொடங்கும். பதினான்கு பாகத்திலும் அப்படித்தான். மாமா அதைக் கேட்டதும், "காப்புச் செய்யுள்" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

வியாபாரி கேட்கும் கேள்விகளும் அவரிடம் உண்டு. இந்தக் கதைகள் ஏன் மூன்று பாகமாக வருகின்றன என்று ஒருமுறை கேட்டார். டோல்கீன் தன் பெரிய நாவலான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'ஐ ஒரே நூலாகத்தான் எழுதினார். போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் காகிதத்தின் விலைக்குப் பயந்து பதிப்பாளர் அதை மூன்றாகப் பிரித்து 1954, 1955 ஆண்டுகளில் வெளியிட்டார். மூன்று பாகம் எழுதினால்தான் காவியம் என்று பின்னால் வந்தவர்கள் நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இதைச் சொன்னபோது மாமா மிகவும் திருப்தி அடைந்தார். "காகிதக்காரன் போட்ட மரபா? சரி, சரி."

கடையில் நின்று நான் கண்ட ஒன்றை எந்த விமரிசனத்திலும் படித்ததில்லை. முதல் பாகத்தை வாங்க வருகிறவர் நாயகனைப் பற்றிக் கேட்பார். வரம் பெற்றவனா, சபிக்கப்பட்டவனா, வாள் உண்டா. ஆறு, ஏழு, எட்டைத் தேடி வருகிறவர் நாயகனின் பெயரையே எடுக்க மாட்டார். மருத்துவமனையில் தாதி வேலை பார்த்த ஓர் அக்கா, அந்த மூன்று வாலிபர்களில் மாட் என்ற சூதாடிக்காக மட்டும் வந்தார்; அவன் வராத எட்டாம் பாகத்தைத் திருப்பிக் கொடுத்துப் பாதிப் பணம் வாங்கிக்கொண்டு போனார். துறைமுகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு லான். நாடு இல்லாத அரசன், ஒரு பெண்ணுக்குக் காவலனாக நிற்கிறவன். "அவன் அதிகம் பேசுவதில்லை" என்பார், தன்னைப் பற்றிச் சொல்வதுபோல. நாயகன் உலகத்தைக் காக்க வேண்டியவன் என்பதால் அவனுக்கு வேறு எதற்கும் நேரமில்லை. பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் பசி, கடன், காதல், பொய் எல்லாம். கல்கி 1950இல் தொடராக எழுதத் தொடங்கிய கதையின் தலைப்பு இளவரசனுடையது. நாம் குதிரையேறிப் போனது வந்தியத்தேவனோடு.

மாமாவுக்கு இதில் வியப்பில்லை. ஆயிரம் ஆண்டு ஆள வரம் பெற்றவன் விக்கிரமாதித்தன். அதை நாடாறு மாதம் காடாறு மாதமாகப் பிரித்து இரண்டாயிரம் ஆண்டாக நீட்டிக் கொடுத்தவன் அவன் மந்திரி பட்டி. "வரம் வாங்குகிறவன் ஒருவன், அதற்குக் கணக்குப் போடுகிறவன் ஒருவன்" என்றார்.

ஐந்தாம் பாகத்தின் முடிவில் மொய்ரெயின் போய்விடுகிறாள். அந்த மூன்று வாலிபர்களையும் கிராமத்திலிருந்து அழைத்துச் சென்ற மந்திரப்பெண். எதிரியோடு சேர்ந்து ஒரு மாய வாசலுக்குள் விழுகிறாள், வாசல் எரிந்துபோகிறது. எனக்குத் தொண்டை அடைத்தது. மாமா கேட்டது பிணத்தைப் பற்றிய ஒரே கேள்வி: "மையித்தைக் காட்டினார்களா?"

"இல்லை."

"அப்படியென்றால் வருவாள். வாத்தியார் நடுவில் போகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பையன் படிக்க மாட்டான். ஆனால் வருவாள்."

இன்னொன்றையும் அவரிடம் போட்டேன். நான்காம் பாகத்தில் மாட் என்ற அந்தச் சூதாடிக்கு ஒரு குறி சொல்லப்படுகிறது: உலகத்தைக் காக்க, உலகத்தின் ஒளியில் பாதியை அவன் விட்டுக்கொடுப்பான். சூரியனா, சந்திரனா, நாயகனின் உயிரா என்று நானும் தாதி அக்காவும் வாரக்கணக்கில் பேசியிருந்தோம். மாமா தே தாரிக்கின் நுரையை ஊதிக்கொண்டே, "வேதாளம் இதைவிடக் கடினமாகக் கேட்கும். ஒளி எது, தம்பி? கண். பாதி என்றால் ஒரு கண். அவனுக்கு ஒரு கண் போகும்" என்றார்.

ஏழாம் பாகத்துக்கு மேல் கதை நத்தையாகிவிட்டது. அதை மறைத்துப் பயனில்லை. ஒன்பதாம் பாகத்தின் இறுதியில் ஒரு பெரும் செயல் நடக்கிறது. 2003இல் வந்த பத்தாம் பாகம் முழுக்க, வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் அதைத் தொலைவிலிருந்து உணர்ந்து திடுக்கிடுகிறார்கள். அவ்வளவுதான். எங்களிடம் வந்த பத்தாம் பாகங்களின் முதுகுகள் பெரும்பாலும் கடையில் வாங்கியபடியே மொரமொரப்பாக இருந்தன. கதைசொல்லி பாய் விரித்துத் தூங்கிவிட்டார் என்று மாமாவிடம் சொன்னேன். 2005இல் பதினொன்று வந்தபோது மீண்டும் விழித்துக்கொண்டார்.

2007 செப்டம்பர் 16 அன்று ஜோர்டன் இறந்தார். பன்னிரண்டாவதோடு முடிப்பேன் என்று சொல்லியிருந்தவர். ஓய்வுபெற்ற கணக்கர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். பையில் இருந்த பதினொன்றாம் பாகத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுச் சற்று நேரம் நின்றார். விற்க வந்தாரா, துக்கம் சொல்ல வந்தாரா என்று எனக்கு விளங்கவில்லை. மாமா விசாரித்தார்.

"முடிவை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போனாரா?"

"குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறாராம்."

"யாரிடம்?"

"மனைவியிடம். அவர்தான் பதிப்பாசிரியரும்."

"அப்படியென்றால் சரக்கு பத்திரம்" என்றார் மாமா. கணக்கர் புத்தகத்தை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த ஆண்டின் இறுதியில் எனக்குப் பயான் லெப்பாஸில் வேலை கிடைத்தது. ஜோர்டனின் மனைவி தேர்ந்தெடுத்த பிராண்டன் சாண்டர்சன் குறிப்புகளைக் கொண்டு எழுத உட்கார்ந்தார். கடைசி ஒரு பாகம் மூன்றாகப் பெருத்தது. அவற்றில் நடுவில் உள்ளது, பதின்மூன்றாம் பாகம், 2010 நவம்பரில் வந்தது. சம்பளக்காரன் ஆகிவிட்ட திமிரில் பெரிய கடையொன்றில் கெட்டி அட்டையாகவே வாங்கினேன். இரண்டு இரவு விழித்து முடித்துவிட்டு, சனிக்கிழமை மதியம் அதைத் தூக்கிக்கொண்டு சௌராஸ்தா படியேறினேன்.

மாமா மெலிந்திருந்தார். புத்தகத்தைக் கையில் வாங்கியதும் முதலில் விலைச்சீட்டைத்தான் பார்த்தார். "முழு விலையா கொடுத்தாய்? ஆறு மாதம் பொறுத்திருந்தால் நானே தந்திருப்பேனே." பழைய நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். கீழேயிருந்து தே தாரிக் வந்தது.

"வந்துவிட்டாள், மாமா. பதினேழு ஆண்டு கழித்து."

"யார் போய் அழைத்து வந்தது? அந்த ஆடு மேய்ப்பவனா?"

"இல்லை. மாட் போனான். அவனோடு தாம் என்ற கிழவர், ஊர் ஊராகக் கதை சொல்லிப் பிழைப்பவர்."

கதைசொல்லி என்றதும் அவர் தலை ஒருமுறை ஆடியது. "சும்மா விட்டிருக்க மாட்டார்களே. என்ன விலை கேட்டார்கள்?"

"ஒரு கண்."

"மாட்டுடையது?"

"ஆமாம், மாமா. இடது கண்."

கடைக்கு ஆள் வந்துவிட்டது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண், கையில் முதல் பாகம் மட்டும். மாமா எழுந்து, அலமாரியில் அதற்குப் பக்கத்தில் இருந்த இரண்டையும் மூன்றையும் எடுத்துச் சேர்த்து வைத்து, மூன்றுக்குமாக ஒரு விலை சொன்னார்.