பழைய பெட்டியில் மைனிங்: யூனிட் காசுக்குக் கட்டுப்படியாகுமா?

பிட்காயின் விலை கொஞ்சம் ஏறினால் போதும், டர்பனில் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அவுட்பில்டிங்கில் தூசி படிந்து கிடக்கும் டெல் கம்ப்யூட்டர் பெட்டிகளுக்குத் திடீர் மவுசு வந்துவிடுகிறது. மைனிங் என்றால், காயின் நெட்வொர்க்கின் கணக்குவழக்கைச் சரிபார்க்கும் வேலையைக் கம்ப்யூட்டரால் செய்துகொடுத்து, கூலியாகக் காயின் வாங்குவது. "சும்மாதானே கிடக்கு அண்ணா, ஓடவிட்டா நாலு காசு வராதா?" என்று கேட்கிறார்கள். வரும். ஆனால் அந்த நாலு காசுக்கு நாம் முப்பது காசு கரண்டுக்குக் கட்ட வேண்டியிருக்கும். பெட்டி இலவசம் என்பது சரி. அது தின்கிற யூனிட் இலவசம் இல்லை. பெட்டி எவ்வளவு பழசோ, ஒரு யூனிட்டுக்கு அது செய்து தரும் வேலையும் அவ்வளவு குறைவு.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். முதலில் உங்கள் யூனிட் விலை தெரிய வேண்டும். ப்ரீபெய்ட் சீட்டை எடுத்து, கட்டிய தொகையை யூனிட் எண்ணிக்கையால் வகுங்கள். பழைய பாக்கிக்குப் பிடித்தம் இருந்தால் அதை முதலில் கழித்துவிடுங்கள். வருகிற எண்தான் 15 சதவீத வரியும் சேர்ந்த உண்மையான விலை. இங்கே கணக்குக்கு யூனிட் 3 ராண்ட் என்று வைத்துக்கொள்கிறேன். அடுத்தது, பெட்டி சுவரிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்பது. பிராசஸர் டப்பாவில் போட்டிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். பிளக்கில் செருகும் மின் மீட்டர் ஒன்றை வாங்கி, மைனிங் ஓடும்போது அளந்து பாருங்கள். பழைய 240, 300 வாட் பவர் சப்ளைகள் இழுப்பதில் கால் பங்கு வரை வெப்பமாகவே வீணாக்கும். அந்த நஷ்டம் எந்த மென்பொருளிலும் தெரியாது.

கம்பெனிகள் கழித்துப்போட்ட ஆப்டிபிளெக்ஸ் 790 இங்கே நிறையக் கிடைக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம். உள்ளே இன்டெல் ஐ5-2400. இதில் பிட்காயினை நினைத்தே பார்க்க முடியாது. பிராசஸருக்கென்று ஓரளவு நியாயம் செய்யும் பெரிய காயின் மொனேரோதான். 2019 நவம்பர் 30 முதல் அது ராண்டம்எக்ஸ் முறையில் ஓடுகிறது. மைனிங்குக்கென்றே செய்த ஏசிக் இயந்திரங்களுக்குத் தனி ஆதாயம் கிடைக்காதபடி, சாதாரண பிராசஸருக்கு ஏற்ற மாதிரி வடிவமைத்த முறை அது. இந்த ஐ5 அதில் நொடிக்குச் சுமார் 1,800 ஹாஷ் (மைனிங்கில் ஒரு கணக்கீட்டு முயற்சி) தரும், சுவரில் 90 வாட் இழுக்கும்.

மொனேரோவில் 2 நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைத் தொகுப்பு), பிளாக்குக்கு 0.6 காயின் கூலி. நாளுக்கு 720 பிளாக், ஆக 432 காயின். இதைத்தான் உலகம் முழுக்க உள்ள எல்லா மைனர்களும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். மொத்த நெட்வொர்க் வேகம் நொடிக்கு 5 கிகாஹாஷ் (500 கோடி ஹாஷ்), ஒரு மொனேரோ 5,000 ராண்ட் என்று வைத்துப் பாருங்கள். நம் பங்கு நாளுக்கு 0.000156 காயின், அதாவது 78 சென்ட். கரண்டோ 2.16 யூனிட், 6 ராண்ட் 48 சென்ட். மாதக் கணக்கில் 194 ராண்ட் போய் 23 ராண்ட் வருகிறது. யூனிட் விலை 36 சென்ட்டாக இருந்தால்தான் வரவும் செலவும் சமமாகும். நெட்வொர்க் வேகமும் காயின் விலையும் நாள்தோறும் மாறும். எந்த மைனிங் கால்குலேட்டரிலும் அன்றைய எண்களைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் எட்டு மடங்கு இடைவெளி அப்படிச் சுலபமாக மூடிவிடாது.

"இப்போ நஷ்டம்தான், ஆனா பின்னாடி விலை ஏறுமே" என்பார்கள். ஏறட்டும். அதே 194 ராண்டுக்கு நேராகக் காயினையே வாங்கியிருந்தால் மாதம் 0.039 கைக்கு வந்திருக்கும். மைனிங்கில் வந்தது 0.0047. விலை பத்து மடங்கு ஏறினாலும் வாங்கிவைத்தவன்தான் முன்னால் இருப்பான். இந்த ஒரு கணக்கைப் பார்த்துவிட்டால் மற்ற வாதங்கள் எல்லாம் அடங்கிவிடும் என்பது என் எண்ணம். பூலின், அதாவது பல மைனர்கள் சேர்ந்து ஓட்டிப் பங்குபிரிக்கும் குழுவின், குறைந்தபட்சப் பட்டுவாடாவையும் கவனியுங்கள். அது 0.01 என்றால் இந்தப் பெட்டிக்கு 64 நாள் ஆகும். 0.1 என்றால் 640 நாளைத் தாண்டும்.

தெரிந்துகொள்வதற்காக ஒரு முறை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், அதில் தப்பே இல்லை. எந்தப் பெட்டியில் ஓடும், எதில் ஓடாது என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கும். ஒன்று ஏஇஎஸ் வசதி, பிராசஸருக்குள்ளேயே மறையாக்கம் செய்யும் வசதி. கோர் 2 டுவோவில் அது கிடையாது. ஐ3-2100 போன்ற பழைய டெஸ்க்டாப் ஐ3-களிலும் கிடையாது, நான்காம் தலைமுறையில்தான் ஐ3-க்கு வந்தது. அது இல்லாவிட்டால் எல்லாம் மென்பொருளிலேயே நடக்கும், வேகம் படுத்துவிடும். இரண்டாவது எல்3 கேஷ், பிராசஸருக்குள் இருக்கும் வேகமான சிறு நினைவகம். ஒரு திரெட்டுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் ஒரு வேலைக்கு) 2 எம்பி வேண்டும். ஐ5-2400-ல் இருப்பது 6 எம்பி. ஆகவே கோர் நான்கு இருந்தாலும் மூன்று திரெட்தான் ஓட்ட வேண்டும். நான்காவதைச் சேர்த்தால் ஒன்றையொன்று கேஷிலிருந்து தள்ளிவிடும், கரண்ட்தான் கூடும். மூன்றாவது ரேம். ராண்டம்எக்ஸ் ரேமில் வைக்கும் தரவுத்தொகுதியும் அதன் தனிக் கேஷும் சேர்ந்து 2,336 எம்பி பிடிக்கும். 2 ஜிபி பெட்டி முழு வேகத்துக்கு லாயக்கில்லை. 4 ஜிபி வேண்டும், அதையும் இரண்டு குச்சியாகப் போட்டு டூயல் சேனலில் ஓட்டுவது நல்லது.

மைனிங் நிரலான எக்ஸ்எம்ரிக்கை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட, கூடவே தரும் ஷா-256 எண்ணைச் சரிபார்த்த பிறகு திறங்கள். விண்டோஸ் டிஃபெண்டர் இதைக் கண்டதும் கத்தும். மற்றவர்கள் கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாக மைனிங் ஓட்டுகிறவர்களும் இதே நிரலைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதனால் கத்துகிறது. மாட்டிக்கொள்கிறவர்கள் செய்வது என்னவென்றால், டிஃபெண்டரை மொத்தமாக அணைத்துவிட்டு, யூடியூப் வீடியோவின் கீழே இருக்கும் இணைப்பிலிருந்து இறக்குவது. உள்ளே வேறொருவரின் வாலட் (காயின் போய்ச் சேரும் கணக்கு) முகவரி இருக்கும், சில சமயம் பாஸ்வேர்டைத் திருடும் பூச்சியும் இருக்கும். பேங்க் வேலை செய்யும் கம்ப்யூட்டரில் இந்தச் சோதனையே வேண்டாம். லினக்ஸ் போட்ட தனிப் பெட்டிதான் சரி. அதில் ஹ்யூஜ் பேஜஸை (ரேமைப் பெரிய துண்டுகளாக ஒதுக்கும் அமைப்பு) 1280 என்று ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் வேகம் நன்றாகவே குறையும். பிராசஸர் மேலுள்ள பழைய வெப்பப் பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினால் வெப்பமும் விசிறிச் சத்தமும் குறையும்.

புதுசு வாங்கினால் தேறுமா? 2019-ல் வந்த ரைசன் 5 3600-ல் எல்3 கேஷ் 32 எம்பி. நொடிக்கு 7,000 ஹாஷ் அளவில் தரும். சுவரில் 110 வாட் என்று வைத்தால் நாளுக்கு 3 ராண்ட் வரும், கரண்டுக்கு 7 ராண்ட் 92 சென்ட் போகும். பரவாயில்லை ரகம், ஆனாலும் நஷ்டம்தான்.

ஒன்று நஷ்டம் என்றால் பத்து சேர்ந்தால் லாபமாகிவிடாது. கூடவே வேறொரு சங்கடமும் வரும். ஒவ்வொரு பவர் சப்ளையின் உள்ளேயும் ஒரு ஃபில்டர் இருக்கிறது, அது ஒன்றிரண்டு மில்லிஆம்பை எர்த்துக்குக் கசியவிடும். நம் வீட்டு போர்டில் இருக்கும் எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் 30 மில்லிஆம்புக்கு உரியது. அதில் பாதியைத் தாண்டினாலே விழ அதற்கு உரிமை உண்டு. பத்துப் பெட்டி ஓடும் வீட்டில் கெட்டிலையோ வாஷிங் மெஷினையோ போட்டதும் வீடு முழுக்க இருட்டாகிறது என்றால், பழுது கெட்டிலில் இல்லை, கசிவுகள் ஒன்றுசேர்ந்ததுதான். எலக்ட்ரீஷியன் வந்து கெட்டிலைக் குறை சொல்லிவிட்டுப் போவார். ஒரே மல்டிபிளக்கில் எல்லாவற்றையும் தொங்கவிடுவது அதைவிட மோசம். அரை மணி நேரம் ஓடும் ஹேர் டிரையரைத் தாங்கும் மல்டிபிளக், இரவும் பகலும் ஓடும் சுமையில் மெல்ல மெல்ல உருகும். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கழற்றிவிடுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வீட்டு மைனர்களுக்குச் சோறு போட்டது எதீரியம். அது 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங்கையே விட்டுவிட்டது. 4 ஜிபி கார்டுகள் அதற்கு முன்பே, 2020 கடைசியில், நினைவகம் பற்றாமல் அதிலிருந்து கழன்றுகொண்டன. மிச்சமிருக்கும் சிறு காயின்களை நோக்கி அத்தனை கார்டுகளும் ஓடியதால் அங்கேயும் ஒன்றும் தேறுவதில்லை. ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகளை வைத்திருப்பவர்கள் பிள்ளைகளின் கேமிங்குக்குக் கொடுத்துவிடலாம். மைனிங்குக்காகக் கார்டின் பயாஸை (அதன் அடிப்படை நிரலை) மாற்றியிருந்தால் கேமில் தொங்கும். இரட்டை பயாஸ் ஸ்விட்ச் இருந்தால் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அசல் பயாஸை ஏற்றுங்கள். ரைசர் (கார்டை மதர்போர்டுக்கு வெளியே மாட்டும் நீட்டிப்பு) வைத்து ஓட்டுபவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: ரைசருக்கு, ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா கேபிளிலிருந்து கரண்ட் கொடுக்காதீர்கள். சாட்டா இணைப்பின் 12 வோல்ட் கால்கள் 4.5 ஆம்ப்தான் தாங்கும், 54 வாட். கார்டு ஸ்லாட் வழியாக 12 வோல்ட்டில் 66 வாட் வரை இழுக்க உரிமை பெற்றது. மஞ்சள் ஒயரின் முனை கருகியிருப்பதைப் பார்த்தால் காரணம் இதுதான்.

மார்க்கெட்பிளேஸில் மலிவாகக் கிடைக்கும், பிட்காயினுக்கென்றே செய்த ஏசிக் இயந்திரமான ஆன்ட்மைனர் எஸ்9-ஐப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 2016-ல் வந்தது, நொடிக்கு 13.5 டெராஹாஷ் (ஒரு டெரா என்பது லட்சம் கோடி), சுமார் 1,350 வாட். 2024 ஏப்ரலில் கூலி பாதியான ஹாவிங்குக்குப் பிறகு பிட்காயின் பிளாக்குக்கு 3.125 காயின்தான், நாளுக்கு 450. நெட்வொர்க் 900 எக்ஸாஹாஷ் (ஒரு எக்ஸா என்பது பத்து லட்சம் டெரா), ஒரு பிட்காயின் 18 லட்சம் ராண்ட் என்று வைத்தால் எஸ்9 நாளுக்கு 12 ராண்ட் சம்பாதிக்கும், 97 ராண்டுக்குக் கரண்ட் தின்னும். அதைவிடப் பல வருஷம் புதியதான எஸ்21 கூட 200 டெராஹாஷுக்கு 3,500 வாட் இழுத்து, 180 ராண்ட் தந்து 252 ராண்ட் தின்னும். அதாவது இங்கே பழசு புதுசு என்பதே இரண்டாம் பேச்சு. 3 ராண்ட் யூனிட்டில் இந்த இரண்டாலும் முடியாது. தனியாக ஓட்டி மொத்த பிளாக்கையும் அடிக்கலாம் என்று கனவு கண்டால், அந்த எஸ்9-க்கு சராசரியாக ஒரு பிளாக் கிடைக்க 1,268 வருஷம்.

எஸ்9-க்கு ஒரே ஒரு நியாயமான இடம் உண்டு. ஜோகன்னஸ்பர்க் பக்கம், லெனேசியா குளிரில், எப்படியும் ஹீட்டர் போடத்தான் போகிறீர்கள் என்றால், ஹீட்டருக்குப் பதில் இதை ஓட்டலாம். வெப்பம் அதே அளவு, மணிக்கு 4 ராண்டில் 50 சென்ட் திரும்பி வரும். ஆனால் அதன் விசிறிச் சத்தத்தை அறைக்குள் வைத்துக்கொண்டு யாரும் தூங்க முடியாது. பிரெய்ன்ஸ் ஓஎஸ் என்ற மாற்று மென்பொருளைப் போட்டு 800 வாட் அளவுக்கு இறக்கி, பெரிய மெதுவான விசிறி மாட்டினால் சகித்துக்கொள்ளலாம். ஃபீனிக்ஸ் மாதிரி ஒட்டுச்சுவர் வீடுகளில் அதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டு ஆயா இரண்டாம் நாளே கதவைத் தட்டுவார். டர்பனில் ஹீட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. கோடையில் மைனர் கக்கும் சூட்டை வெளியேற்ற ஏர்கான் போட்டால் அதற்கும் யூனிட் தனி.

சோலார் போட்டவர்கள், "பகல்ல மிச்சமாகிற கரண்ட் வீணாத்தானே போகுது" என்கிறார்கள். லோட் ஷெட்டிங் காலத்தில் பேனல் மாட்டிய வீடுகளில் இந்த மிச்சம் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதைப் போட வேண்டிய இடம் கீசர். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக சுமார் 7 யூனிட், 21 ராண்ட். கீசரின் டைமரைக் காலை பத்து மணிக்கு மேல் திருப்பிவைத்தாலே அந்தப் பணம் மிச்சம். அதே 7 யூனிட்டை ஐ5 பெட்டிகளில் போட்டால் இரண்டரை ராண்ட் தேறும். இன்வர்ட்டர் பேட்டரியிலிருந்து மைனிங் ஓட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், பேட்டரியின் ஆயுளைத்தான் விற்றுக்கொண்டிருப்பீர்கள்.

கடலோர வீடுகளில் இன்னொரு தொல்லை. பிளஃப், இசிபிங்கோ பக்கம் ஜன்னலைத் திறந்துவைத்து விசிறியால் காற்றை உள்ளே இழுத்தால் உப்பும் சேர்ந்து வரும். ரேம் குச்சியின் தங்க முனைகளைச் சுற்றிப் பச்சை படிய ஆரம்பித்தால் பெட்டி காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகும். வெதுவெதுப்பான பவர் சப்ளைக்குள் கரப்பானும் பல்லியும் குடியேறும். கேட் மோட்டாரைச் சாகடிக்கும் அதே பல்லிதான், போர்டின் இரண்டு இணைப்புக் கால்களுக்கு நடுவே படுத்துத் தானும் செத்து போர்டையும் கொல்லும். விசிறித் துளைகளில் மெல்லிய வலை கட்டுங்கள், மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள்.

வரியை மறந்துவிடாதீர்கள். மைனிங்கில் கிடைத்த காயின் கிடைத்த அன்றே வருமானமாகிறது, விற்கும் வரை அது வியாபாரச் சரக்கு என்பது தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸ் 2018-ல் சொன்ன நிலை. 78 சென்ட் என்றாலும் தேதியும் அன்றைய விலையும் எழுதிவையுங்கள். மொனேரோவை ராண்டாக மாற்றுவதும் முன்போல் சுலபமில்லை, பெரிய காயின் சந்தையான பினான்ஸே 2024 பிப்ரவரியில் அதை நீக்கிவிட்டது.

பெட்டியைத் தூக்கிப்போடுவதானால் குப்பை வண்டியில் போடாதீர்கள், 2021 ஆகஸ்ட் முதல் மின்னணுக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டத் தடை. மறுசுழற்சிக்குக் கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவையுங்கள். வீட்டில் யாராவது 2009 முதல் 2013 வரையிலான காலத்தில் பிட்காயினை விளையாட்டாக ஓட்டிப் பார்த்திருந்தால், பழைய பெட்டியில் உண்மையான பணம் இருக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். விண்டோஸில் ஆப்டேட்டாவின் ரோமிங் ஃபோல்டருக்குள் பிட்காயின் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் வாலட் டாட் டேட் (wallet.dat) என்ற கோப்பு. டிஸ்க் கடகட என்று சத்தம் போட்டால் திரும்பத் திரும்பப் பூட் செய்யாதீர்கள். இன்னொரு லினக்ஸ் பெட்டியில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற நகல் நிரலால் முழு நகல் எடுத்து, நகலில் மட்டும் தேடுங்கள். கோப்பு கிடைத்தால் பெயர் தெரியாத எந்த மீட்புத் தளத்திலும் ஏற்றாதீர்கள். இரண்டு யூஎஸ்பியில் பிரதி எடுத்துவைத்துவிட்டு, இணையம் துண்டித்த கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.